442 வருஷத் தவணை!
அடிபட்டவர்களுக்காக வழக்காடிய மார்ஜரி பிரை அம்மையார்

இங்கிலாந்தில் ஒரு மனிதன். 1951-ம் ஆண்டில் அவனை இரண்டு பேர் சேர்ந்து அடித்தார்கள். அடித்த அடியில் அவனுக்குப் பார்வை போய்விட்டது.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. கண் போனவனுக்கு 11,500 பவுன் நஷ்ட ஈடு என்று தீர்ப்பாயிற்று. (பவுன் என்றதும் நம் வீட்டுப் பெண்கள் நகைக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சீமை நாணயம்!) அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஒரு குடும்பம் ஆயுசு முழுவதும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஆனால் அடித்தவர்களிடம் பணம் ஏது? ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங் வீதம் கட்டிவரும்படி உத்தரவாயிற்று.

ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். இரண்டு பேரும் ஒழுங்காகக் கட்டினால் வாரத்துக்கு அரைப் பவுன். வருஷத்துக்கு 26 பவுன். இனி 11,500-ஐ 26-ஆல் வகுத்துப் பாருங்கள். கடைசித் தவணை வந்து சேர 442 வருஷம் ஆகும்!

இந்தக் கணக்கைப் போட்டு ஊருக்குக் காட்டியவர் ஒரு மூதாட்டி. அப்போது அவருக்கு வயது 83. பெயர் மார்ஜரி பிரை. அதற்கு முன்பு 40 வருஷமாக அவர் யாருக்காகப் பாடுபட்டார் தெரியுமா? ஜெயிலில் இருக்கும் கைதிகளுக்காக!

கைதிக்காகப் பேசியவர் கைதியால் அடிபட்டவனுக்காகவும் பேச வந்தது எப்படி? அதுதான் இந்தக் கதை.

நீதிபதி வீட்டுப் பெண்

மார்ஜரி 1874-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் சர் எட்வர்ட் பிரை பேர்போன நீதிபதி. அப்பீல் கோர்ட்டு நீதிபதியாக இருந்து 1892-ல் ஓய்வு பெற்றவர். பிரிஸ்டல் நகரத்து பிரை குடும்பம் என்றால் சாக்லேட் கம்பெனிக் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியும். பணத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் வீட்டில் ஆடம்பரம் கிடையாது.

காரணம், அவர்கள் குவேக்கர்கள். கிறிஸ்தவர்களில் அது ஒரு சிறிய பிரிவு. பாதிரியார் இல்லாமல், மௌனமாக உட்கார்ந்து பிரார்த்தனை செய்வார்கள். கோர்ட்டில் சத்தியம் செய்யமாட்டார்கள். யுத்தத்துக்குப் போகமாட்டார்கள். இந்தப் பிடிவாதத்துக்காக 17-ம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான குவேக்கர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ஆகவே ஜெயில் என்பது அவர்களுக்கு அந்நிய இடம் அல்ல!

ஜெயில் சீர்திருத்தம் என்றாலே எலிசபெத் பிரை அம்மையாரின் பெயர் ஞாபகத்துக்கு வரும். அவர் இவருக்குப் பாட்டி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. பெயர் ஒன்று, மதம் ஒன்று. ஆனால் அவருடைய நேர் வாரிசு அல்ல.

பெரிய நீதிபதியின் மகள்தான். ஆனாலும் 17 வயது வரை வீட்டிலேயே படிப்பு. பெண் பிள்ளை வெளியூர் போய்ப் படிப்பதா என்று யோசிக்கும் காலம் அது. நம் ஊரில் மட்டும்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம். மெல்ல மெல்லப் பெற்றோரைச் சம்மதிக்க வைத்து, 1894-ல் ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கான சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் படித்தார். அந்த நாளில் ஆக்ஸ்போர்டில் பெண்கள் படிக்கலாம். பட்டம் மட்டும் தரமாட்டார்கள். 1920-ல்தான் அந்தக் கதவு திறந்தது.

பிறகு அதே கல்லூரியில் நூலகர் வேலை. 1904 முதல் பத்து வருஷம் பர்மிங்காம் சர்வகலாசாலையில் பெண்கள் விடுதிக்குத் தலைவி. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1914-ல் முதல் உலக யுத்தம் வந்தது. பிரான்சில் மார்ன் பகுதியில் ஊர் ஊராக வீடுகள் தரைமட்டமாகிக் கிடந்தன. அங்கே குவேக்கர்களின் நிவாரண வேலைக்கு மார்ஜரி போனார். வீடு இழந்தவர்களுக்குக் கூரை வேண்டும். விதைக்கத் தானியம் வேண்டும். எவனோ செய்த நாசத்துக்கு எவனோ அழுதுகொண்டிருப்பதை அங்கே கண்ணால் கண்டார்.

எதிரே ஜெயில்

யுத்த காலத்தில், ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறுத்த வாலிபர்களை இங்கிலாந்து அரசாங்கம் ஜெயிலில் போட்டது. படித்தவர்கள், பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதில் இருந்தார்கள். மார்ஜரியின் அக்காள் ஜோன் பிரை அவர்களைச் சிறையில் போய்ப் பார்த்து ஆறுதல் சொல்லி வந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் வெளியே உள்ளவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பேசக்கூடாது என்ற சட்டம், தனி அறை, புளித்துப்போன வேலை.

யுத்தம் முடிந்தபின் மார்ஜரி, லண்டனில் தன் அண்ணனுக்குக் குடும்பம் நடத்த வந்தார். அண்ணன் ராஜர் பிரை ஓவியக் கலையில் பெரிய விமர்சகர். அவருடைய மனைவி மனநோயால் ஆஸ்பத்திரியில் இருந்தார். தாய் அருகில் இல்லாத இரண்டு பிள்ளைகள். அந்த வீடு இருந்த இடம் டால்மெனி அவென்யூ. பக்கத்தில் நின்றது ஹாலவே ஜெயில். பெண் கைதிகளின் பெரிய ஜெயில்!

வீட்டுக்குள் ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்துபோவார்கள். மார்ஜரியின் மனம் மட்டும் வெளியே தெரிந்த மதிலைத் தாண்டிப் போனது.

ஜெயில் சீர்திருத்தத்துக்குச் சின்னச் சின்னதாக இரண்டு சங்கங்கள் இருந்தன. 1921-ல் இரண்டும் ஒன்றாகி ஹோவர்ட் லீக் ஆயிற்று. மார்ஜரி அதன் காரியதரிசி. அதே வருஷம் மாஜிஸ்திரேட்டாகவும் நியமனம் ஆனார். பெண்கள் நீதி ஆசனத்தில் உட்காரலாம் என்று சட்டம் வந்ததே 1919-ல்தான். இங்கிலாந்தின் முதல் பெண் மாஜிஸ்திரேட்டுகளில் அவரும் ஒருவர்.

ஆக, ஒரு கையால் தண்டனை கொடுக்கும் வேலை. இன்னொரு கையால் தண்டனை பெற்றவர்களைத் தூக்கிவிடும் வேலை. இரண்டையும் ஒருவரே செய்தார்.

1922-ல் ஹாலவே ஜெயிலுக்குக் கல்வி ஆலோசகர் ஆனார். கைதிப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். அடுத்த ஜனவரியிலேயே ஒரு பயங்கரத்தைப் பார்க்க நேர்ந்தது. 1923-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி எடித் தாம்ப்சன் என்ற பெண்ணை அங்கே தூக்கிலிட்டார்கள். புருஷனைக் கொல்ல உடந்தை என்று குற்றச்சாட்டு. நடந்து முடிந்தபின் ஜெயில் ஊழியர்களை மார்ஜரி சந்தித்தார். செத்தவள் செத்துவிட்டாள். தூக்கிலிட்டவர்களின் முகத்திலும் உயிர் இல்லை. அன்று முதல் சாகும்வரை தூக்குத் தண்டனையை அவர் எதிர்த்தார்.

1926-ல், படித்த சோமர்வில் கல்லூரிக்கே தலைவியாகி ஆக்ஸ்போர்ட் போனார். அது பெரிய பதவி. ஆனால் சில வருஷங்களிலேயே விட்டுவிட்டு லண்டனுக்குத் திரும்பினார். கல்லூரி அவருக்கு அலுத்ததா, ஜெயில் அவரைக் கூப்பிட்டதா என்று கேட்டால், இரண்டாவதைத்தான் நான் சொல்வேன்.

அப்புறம் ரேடியோ நிலையத்து நிர்வாகக் குழு, சர்வகலாசாலைகளுக்கு மானியம் கொடுக்கும் கமிட்டி என்று பல பொறுப்புகள். ரேடியோவில் கேள்வி பதில் நிகழ்ச்சியில் அவர் குரல் நாடு முழுவதும் கேட்டது. அந்தப் பட்டியலை நீட்ட வேண்டாம். கதைக்கு வருவோம்.

யாரை மறந்துவிட்டோம்?

திருடனைப் பிடிக்கப் போலீஸ். விசாரிக்கக் கோர்ட்டு. அடைக்க ஜெயில். சோறு போட, துணி கொடுக்க, வைத்தியம் பார்க்க அரசாங்கம். அவனைத் திருத்த சங்கங்கள். எல்லாம் சரி. திருட்டுக் கொடுத்தவனுக்கு, கத்திக்குத்துப் பட்டவனுக்கு என்ன ஏற்பாடு?

ஒன்றும் இல்லை!

அவன் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். வேலை போயிருந்தால் அது அவன் தலையெழுத்து. சிவில் கேஸ் போடலாம். ஜெயிலில் இருப்பவனிடம் ஜெயித்து என்ன பயன்?

குற்றவாளியே நஷ்டத்தை ஈடு செய்யட்டும் என்பதுதான் மார்ஜரி பிரையின் பழைய எண்ணம். செய்த கெடுதலைத் தன் கையாலேயே சரிசெய்தால் அவனுக்கும் புத்தி வரும், அடிபட்டவன் மனமும் ஆறும் என்று நினைத்தார். 1951-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்திலும் இந்த வழியில்தான் சிந்தித்தார். அந்த 442 வருஷக் கணக்குதான் அவர் எண்ணத்தை மாற்றியது. தவறு என்று தெரிந்ததும் 80 வயதுக்கு மேலே மனசை மாற்றிக்கொள்வது எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல.

குற்றவாளியால் முடியாது என்றால் யார் கொடுப்பது? அரசாங்கம்தான் என்றார் அம்மையார். அதற்கு அவர் சொன்ன காரணங்கள் எளிமையானவை.

1946-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. ஆலையில் மெஷினில் கை மாட்டிக்கொண்டால் தொழிலாளிக்கு அரசாங்க இன்ஷூரன்ஸ் பணம் வரும். தப்பு யாருடையது என்று கேட்பதில்லை. ஆலை ஓடினால் விபத்து நடக்கத்தான் செய்யும். அந்தச் சுமையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஊர் என்று இருந்தால் குற்றமும் நடக்கத்தான் செய்யும். அந்தச் சுமையையும் பங்கு போட்டுக்கொண்டால் என்ன?

இன்னொன்று. தற்காப்புக்கு ஆயுதம் வைத்துக்கொள்ளாதே, நான் காப்பாற்றுகிறேன் என்று குடிமகனிடம் அரசாங்கம் சொல்கிறது. அந்தக் காவல் தவறிப்போனால் அரசாங்கத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு அல்லவா?

1957-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் இதைப் படிக்கிற மாதிரியே, லண்டன் மக்கள் அப்ஸர்வர் என்ற ஞாயிறு பத்திரிகையைப் பிரித்தார்கள். அதில் இந்த வாதத்தை அம்மையார் எழுதியிருந்தார். கண் போன மனிதனும், வாரம் 5 ஷில்லிங்கும், 442 வருஷமும் அந்தக் கட்டுரையில்தான் வந்தன.

பத்து மாதம்கூட ஆகவில்லை. 1958-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி மார்ஜரி பிரை லண்டனில் காலமானார்.

விதை முளைத்தது

கட்டுரை சாகவில்லை. பார்லிமெண்டில் பேச்சு எழுந்தது. கமிட்டிகள் போட்டார்கள். இங்கிலாந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உலகத்தின் மறு கோடியில் இருக்கும் நியூசிலாந்து முந்திக்கொண்டது. 1963-ல் சட்டம் செய்து, 1964 ஜனவரி 1 முதல் நஷ்ட ஈடு கொடுக்க ஆரம்பித்தது. அதே வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி இங்கிலாந்திலும் திட்டம் வந்தது. பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா, அப்புறம் பல நாடுகள்.

ஆனால் ஒரு விஷயம். அரசாங்கம் பணப்பெட்டியைத் திறந்தால் வாசலில் ஒரு காவலாளியையும் நிறுத்தும். யாருக்குக் கிடையாது என்று விதிகள் வந்தன.

ஒரு விதி, ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறவன் அடித்தால் பணம் கிடையாது என்றது. அடிபட்டவர் பெறும் பணம் அடித்தவன் கைக்கே போய்விடும் என்று பயம். அந்த விதியை 1979-ல் எடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்பு நடந்த குற்றங்களுக்கு எடுக்கவில்லை. சிறுமியாக இருந்தபோது மாற்றாந் தகப்பனால் கெடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, இந்த ஒரு காரணத்தால் பணம் மறுக்கப்பட்டது. எந்தக் கூரையின் கீழ் வளர வேண்டும் என்று குழந்தையா தீர்மானிக்கிறது? அந்தப் பெண் வழக்குப் போட்டார். இது பாரபட்சம் என்று 2018-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2019-ல் விதி ஒழிந்தது.

இன்னொரு விதிதான் சிக்கலானது. அடிபட்டவனே பழைய குற்றவாளியாக இருந்தால்?

ஆரம்பத்தில், மனுதாரரின் நடத்தை, குணம், வாழ்க்கை முறை இவற்றைப் பார்த்துப் பணத்தைக் குறைக்கலாம், மறுக்கலாம் என்று இருந்தது. ஆளைப் பார்த்து அதிகாரிகள் முடிவு செய்வார்கள். 2012-ல் விதி இறுகிற்று. ஜெயில் தண்டனை போன்றவை பெற்று, அந்தத் தண்டனையின் கணக்கு சட்டப்படி இன்னும் தீராமல் இருந்தால் ஒரு காசுகூடக் கிடையாது. அதிகாரி மனம் இரங்கினாலும் முடியாது.

கணக்குத் தீர்வது என்றால் என்ன? 1974-ல் இங்கிலாந்தில் ஒரு நல்ல சட்டம் செய்தார்கள். தண்டனை அனுபவித்தபின் சில வருஷம் ஒழுங்காக இருந்தால், பல குற்றங்கள் கழிந்துபோனதாக எடுத்துக்கொள்ளப்படும். அந்த வருஷங்கள் கழிவதற்குள் நீங்கள் குத்துப்பட்டால், பழைய தண்டனை உங்கள் குறுக்கே வந்து நிற்கும்.

அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. இது வரிப்பணம். சமூகத்துக்குக் கெடுதல் செய்தவன் சமூகத்தின் கையிலிருந்தே பணம் வாங்குவதா என்று வரி கட்டுகிறவன் கேட்பான். கோடு தெளிவாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே முடிவு. ஆளுக்கு ஆள் மாறாது. சரிதான். ஆனால் ஒரு வழக்கைக் கேளுங்கள்.

இரட்டைப் பிறவிகள்

லிதுவேனியா என்ற சிறிய நாட்டிலிருந்து 2013-ல் இரட்டைச் சகோதரர்கள் இருவரை இங்கிலாந்துக்குக் கடத்திக்கொண்டு வந்தார்கள். அடித்து, மிரட்டி, அடிமை மாதிரி வேலை வாங்கினார்கள். கடத்தியவர்கள் பிடிபட்டு 2016-ல் தண்டிக்கப்பட்டார்கள். சகோதரர்கள் நஷ்ட ஈட்டுக்கு மனுப் போட்டார்கள்.

கிடையாது என்று பதில் வந்தது.

ஏன்? சொந்த நாட்டில் இருந்தபோது ஒருவர் 2010-ல் வீடு புகுந்து திருடியதற்காக 3 வருஷம் தண்டனை பெற்றிருந்தார். இன்னொருவருக்கு 2011-ல் திருட்டு வழக்கில் 11 மாதம். கணக்கு இன்னும் தீரவில்லை. அந்தத் திருட்டுக்கும் இந்த அடிமைத்தனத்துக்கும் சம்பந்தம் என்ன? விதி அதைக் கேட்கவில்லை.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1950-ல் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட மனித உரிமை ஒப்பந்தத்தில் 14-வது ஷரத்து ஒன்று உண்டு. இனம், நிறம், மொழி, மதம், பிறப்பு போன்றவற்றையோ வேறு எந்த நிலையையோ காரணமாக வைத்து, ஒப்பந்தம் தரும் உரிமைகளில் பாரபட்சம் காட்டக்கூடாது என்பது அதன் சாரம். தண்டனை பெற்றவன் என்பதும் அந்த வேறு நிலைகளில் ஒன்றுதான். எங்களை ஒதுக்குவது பாரபட்சம் என்று சகோதரர்கள் வாதாடினார்கள்.

2021-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி தீர்ப்பு வந்தது. கழியாத தண்டனை உள்ளவன் என்பதும் ஒரு நிலைதான் என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. வித்தியாசமாக நடத்துவதும் உண்மைதான். ஆனால் அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பொதுப்பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று கோடு போடுவது அரசாங்கமும் பார்லிமெண்டும் செய்யவேண்டிய வேலை என்று சொல்லி, அப்பீலைத் தள்ளிவிட்டது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது கடினம். ஆனாலும் படிக்கும்போது மனம் ஒப்பவில்லை. மார்ஜரி பிரை இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அவர் காலத்துக்குப் பிறகு வந்த விதி இது. ஒன்று மட்டும் தெரியும். கைதிகள் பக்கம் 40 வருஷம், அடிபட்டவர்கள் பக்கம் கடைசிச் சில வருஷம் என்று அவர் பேசியபோது, இரண்டு பக்கத்திலும் வேறு வேறு ஆட்கள் நிற்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். இந்தச் சகோதரர்கள் விஷயத்தில் இரண்டு பக்கத்திலும் நின்றது ஒரே ஆள்.

சிறுவயதில் கெடுக்கப்பட்டவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. வீட்டை விட்டு ஓடி, குடித்து, திருடி, தண்டனை பெற்றவர்கள். பட்ட அடியே அவர்களை அந்த வழிக்குத் தள்ளியிருக்கலாம். குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விசாரித்த கமிஷன் இதைக் கவனித்தது. அந்தக் கொடுமையின் காரணமாகவே பிற்பாடு குற்றம் செய்தவர்களுக்கு நஷ்ட ஈட்டை அப்படியே மறுக்கக்கூடாது, விதியைத் திருத்த வேண்டும் என்று 2018-ல் சொன்னது. 2022-ல் வெளியிட்ட கடைசி அறிக்கையில் இன்னொரு தடவையும் சொன்னது.

அம்மையார் பார்த்துக்கொண்டிருந்த ஹாலவே ஜெயிலை 2016-ல் மூடிவிட்டார்கள். அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊரான பிரிஸ்டலில், குற்றத்தால் அடிபட்டவர்களை வீடு தேடிப் போய் விசாரித்து உதவும் முதல் சங்கம் 1974-ல் தொடங்கியது. அவர் ஞாபகார்த்தமாக ஏற்பட்ட டிரஸ்டு, ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்கள் தங்குவதற்கு விடுதிகளை நடத்தியது.